மன அழுத்தத்துக்கு எது சரி: நடையா, ஓட்டமா, பளுவா, யோகாவா?

உடற்பயிற்சி மன அழுத்தத்தைத் தணிக்கும் என்பதில் சந்தேகமில்லை. எதை, எவ்வளவு என்பதில்தான் கோட்டை விடுகிறோம். அழுத்தம் ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், இன்னொருவருக்குக் கழுத்தையும் தோளையும் இறுக்கும், வேறொருவருக்கு நெஞ்சுப் படபடப்பாக வரும். தேர்வும் அதைப் பொறுத்தே மாறும்.

வேகநடையும் ஓட்டமும்

பலர் ஓட்டத்தை உசத்தியாகவும் நடையை ஒப்புக்குச் செய்வதாகவும் நினைக்கிறார்கள். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் நிலைமை தலைகீழ். உடலின் அதிகபட்சத் திறனில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டி உழைத்தால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உயரும். மிதமான நடையில் அப்படி உயர்வதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு இந்த உயர்வு கெடுதல் அல்ல, உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். இரண்டு இரவு சரியாகத் தூங்காதவருக்கோ அது கூடுதல் சுமை.

நடையின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் 5 நிமிடம் மெதுவாக, பிறகு 20 முதல் 25 நிமிடம் இந்த வேகத்தில், வாரத்தில் 5 நாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை ஏறக்குறைய இதுவே நிறைவு செய்துவிடும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உலாவுவது இந்தக் கணக்கில் சேராது.

ஓட்டத்தின் பலம் நேர மிச்சம்: வாரம் 75 நிமிடம் போதும். ஓடிய பின் வரும் உற்சாகத்துக்கு, உடலே சுரக்கும் வலி தணிக்கும் வேதிப்பொருளான எண்டார்ஃபின்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. ஆனால் ரத்தத்திலுள்ள எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் நுழையாது. நுழையக்கூடிய, கஞ்சாவிலுள்ள பொருளைப் போல வேலைசெய்யும் உடலின் சொந்த வேதிப்பொருள்களான எண்டோகன்னபினாய்டுகளுக்குத்தான் இதில் பெரும்பங்கு இருக்கும் என்று இப்போது கருதப்படுகிறது. முதல் நாளே மூச்சிரைக்க ஓடி, முன்னங்கால் எலும்பு வலித்து நிறுத்துவதுதான் வழக்கமான தோல்வி. 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம் மாற்றி மாற்றிச் செய்தால் இதைத் தவிர்க்கலாம்.

பளுப் பயிற்சி

இதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது எங்கள் கருத்து. மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருபவருக்கு நடை சில நேரம் உதவாது, கவலையும் கூடவே நடந்து வரும். எண்ணிக்கையும் மூச்சும் நிலையும் கவனத்தைக் கேட்கும் பளுப் பயிற்சியில் அதற்கு இடம் குறைவு. ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), தண்டால், டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 செட், நடுவே 60 முதல் 90 விநாடி ஓய்வு. வாரம் 2 நாள். கடைசியில் இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு மிஞ்சும் அளவு எடைதான் சரி. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென எகிறும். தூக்கும்போது வெளிவிட வேண்டும்.

யோகாவும் மூச்சும்

உடனடி நிவாரணத்தில் இதுவே முன்னணி. நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு, அதாவது 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே என 5 நிமிடம் செய்தால் இதயத்துடிப்பு தணியும். ஆனால் இதய, நுரையீரல் திறனை மென்மையான ஆசனங்கள் பெரிதாக வளர்ப்பதில்லை. அதற்கு நடை வேண்டும். தலைசுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.

படபடப்புக்காரர்கள்

பதற்றத்தில் நெஞ்சு அடித்துக்கொள்பவர்கள், பயிற்சியில் அதே துடிப்பு வந்தால் மிரண்டு ஒதுங்குகிறார்கள். மருத்துவர் இதயத்தில் கோளாறில்லை என்று உறுதிசெய்த பிறகு, 10 நிமிட நடையில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டிப் போகலாம். வேகமான துடிப்பு ஆபத்தில்லை என்று உடலே பழகும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்ப வேண்டாம். மருந்து துடிப்பைக் குறைத்துக் காட்டும், பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று மேலே சொன்ன சோதனையே போதும்.

எந்தப் பயிற்சியானாலும், எழுந்தவுடன் எண்ணும் நாடித்துடிப்பு சில நாட்களாக வழக்கத்தைவிட உயர்ந்தே இருந்து, எரிச்சலும் தூக்கக்கேடும் சேர்ந்தால், அந்த வாரம் ஓட்டத்தையும் பளுவையும் விட்டு நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.