பகாவ் தோட்ட ஆபீஸில் சர்வர் 2019: மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்ததில்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். ஆபீஸில் 9 கணினி, ஆலையில் 7, ஸ்டோரும் கிளினிக்கும் சேர்த்து 3, லாரி எடை போடும் வேய்பிரிட்ஜில் 2. ஆக 21. டொமைன் (எல்லாக் கணினியையும் கணக்கையும் ஒரே சர்வரிலிருந்து ஆளும் அமைப்பு) விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் போட்டது. பிறகு 2008 ஆர்2-வுக்கு ஏற்றியிருந்தாலும் ஃபங்ஷனல் லெவல் (டொமைன் எந்த சர்வர் பதிப்பின் விதிப்படி ஓடுகிறது என்ற நிலை) 2003-லேயே கிடந்தது. அதை சர்வர் 2019-க்குக் கொண்டுபோய் மூன்று ஆண்டு ஆகிறது. சர்வர் மாற்றம் இரண்டு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுத்தது 13 விண்டோஸ் 7-ம், 2 எக்ஸ்பி-யும்தான்.

முதல் முட்டுக்கட்டை சிஸ்வால், அதாவது டொமைனின் விதிகளும் லாகின் ஸ்கிரிப்டுகளும் இருக்கும் பகிர்வு ஃபோல்டர். 2003-ல் பிறந்த டொமைனில் சிஸ்வால் இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்புச் சர்வீஸ் வழியாகத்தான் நகலாகும். 2019-ல் எஃப்ஆர்எஸ் கிடையாது, புது சர்வரை டொமைன் கன்ட்ரோலராக (டொமைனை நடத்தும் சர்வராக) ஏற்றவே விடாது. ஆகவே வரிசை இப்படி: டிசிடயாக் என்ற சோதனைக் கருவியை ஓட்டி எல்லாம் சுத்தமா என்று பார், ஃபங்ஷனல் லெவலை 2008 ஆர்2-வுக்கு உயர்த்து, சிஸ்வாலை டிஎஃப்எஸ்ஆர் என்ற புது நகலெடுப்புக்கு மாற்றும் டிஎஃப்எஸ்ஆர்மிக் கட்டளையால் 1, 2, 3 என்று மூன்று நிலையும் ஏறு. ஒவ்வொரு நிலையிலும் எல்லாக் கன்ட்ரோலரும் வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது. 2 வரை திரும்பி வரலாம். 3-க்குப் போனால் திரும்ப வழியில்லை. இதற்கு முன்பு நிகழ்வுப் பதிவில் 13568 எண் இருக்கிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். கரண்ட் பட்டென்று போய்ப் போய் வரும் இடங்களில் எஃப்ஆர்எஸ் தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவை) தொலைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நின்றுபோயிருக்கும்; அதன் அடையாளம்தான் அந்த எண். ஒரே கன்ட்ரோலர் என்றால், சிஸ்வாலை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரியில் பர்ஃபிளாக்ஸ் மதிப்பை டி4 ஆக்கி சர்வீஸை மறுபடி கிளப்பினால் சரியாகும்.

இன்னும் 2003 கன்ட்ரோலரே ஓடுகிறது என்றால் இரு பக்கமும் இடி. அதற்கு எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும்தான் தெரியும். எஸ்எம்பி1 இல்லாமல் வரும் புது விண்டோஸ் 10 அதன் சிஸ்வாலைத் திறக்காது, குரூப் பாலிசி (சர்வர் கணினிகளுக்குக் கொடுக்கும் பொது அமைப்புகள்) எதுவும் வராது. நடுவில் 2008 ஆர்2 அல்லது 2012 ஆர்2 ஒன்றை வைத்துக் கடப்பதுதான் வழி.

புது சர்வர் ஏறியதும் ஒவ்வொன்றும் ஒரே கன்ட்ரோலரிடம் மட்டும் இருக்கும் ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளையும் மாற்றியாயிற்று. பழையதை உடனே டிமோட் செய்யாமல் (கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்காமல்) ஒரு வாரம் வெறுமனே அணைத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. யார் யார் அதன் ஐபி முகவரியைக் கையால் அடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த வாரத்தில்தான் தெரியும்: ஃபோட்டோஸ்டாட் மெஷின், விரல் ரேகை மெஷின், கணக்குக் கிராணியின் (எழுத்தரின்) பழைய சம்பள மென்பொருள். டிமோட் முடிந்தபின் அந்த முகவரியையே புது சர்வருக்குக் கொடுத்தால் பாதித் தலைவலி போகும்.

பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ஸில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. இணைய ரவுட்டர் டிஎச்சிபி வழியாகக் கணினிகளுக்கு முகவரி கொடுக்க, இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 உட்கார்ந்திருக்கும். சர்வர் ஒரு நொடி தாமதித்தால் கணினி கூகுளிடம் போய் உள்பெயரைக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பும். ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து சர்வரிலேயே வைத்து, டொமைன் கணினிகளுக்கு உள் டிஎன்எஸ் மட்டும் கொடுக்க வேண்டும். வெளிப்பெயர்களை சர்வர் ஃபார்வர்டர் (கேள்வியை வெளி டிஎன்எஸ்-ஸுக்கு அனுப்பும் வசதி) வழியாகத் தேடிக்கொள்ளும்.

விண்டோஸ் 7 பெட்டிகளில் எதிர்பாராமல் காலை வாரியது கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி. சில ரிங்கிட் சாமான். பத்து வருட மதர்போர்டில் அது செத்திருக்கும். ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்தால் காலையில் கடிகாரம் 2009-க்குப் போய்விடும். நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுக்கும். கிராணி பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து வேறு வேறாக மூன்று முறை அடித்து அக்கவுண்டைப் பூட்டிவிடுவார். விண்டோஸ் 10 போடப் பெட்டியைத் திறக்கும்போதே பேட்டரி, எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி மூன்றையும் ஒரே கையோடு முடித்துவிடுவது மேல். எஸ்எஸ்டி இல்லாத பெட்டியில் விண்டோஸ் 10 போடுவது பாவம்.

அதே பெயரில் கணினியை மறுபடி டொமைனில் சேர்க்கும்போது 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு தடை வரும்: பழைய கணினிக் கணக்கை வேறொருவர் உருவாக்கியிருந்தால் ஏற்காது. கணக்கை ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குப் பட்டியலில்) அழித்துவிட்டுச் சேர்த்தால் போகும். பயனர் கணக்குகளில் பாஸ்வேர்டு கடைசியாக மாற்றிய தேதியையும் பார்க்க வேண்டும். லெவல் உயர்த்துவதற்கு முன்பு போட்டு, ‘காலாவதி ஆகாது’ என்று டிக் செய்து விட்ட ஸ்கேன் கணக்கு, பேக்கப் கணக்குகளுக்கு ஏஇஎஸ் (புது மறையாக்க முறை) சாவியே இருக்காது. பழைய மறையாக்க முறையான ஆர்சி4-ஐ மூடும் அன்று அவைதான் முதலில் விழும்.

பிரின்டர் பகிர்வுதான் இந்த மூன்று ஆண்டில் அதிகம் கடுப்பேற்றியது. 2021-ல் வந்த பிரின்டர் பாதுகாப்பு அப்டேட்டுகள் ஏறிய கணினிக்கும் ஏறாத கணினிக்கும் இடையே 11பி என்று முடியும் பிழை வரும். ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அதைவிட பிரின்டருக்கு நிலையான ஐபி கொடுத்து ஒவ்வொரு கணினியிலும் நேராகச் சேர்ப்பது நல்லது. 21 கணினிக்கு அது பெரிய வேலை இல்லை.

ஆலைக்கும் ஆபீஸுக்கும் இடையே ஓடிய செம்புக் கேபிளை ஃபைபராக மாற்றி, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தது டொமைனோடு சம்பந்தமில்லாத வேலைதான். ஆனால் இடி விழும் பருவத்தில் ஸ்விட்ச் போர்ட்டுகள் கருகுவது அதோடு நின்றது.

இனி வேய்பிரிட்ஜ். ஒன்று விண்டோஸ் 10-க்கு வந்துவிட்டது. மலிவு யுஎஸ்பி சீரியல் கேபிளைப் புது டிரைவர் ஏற்காது, ஏற்றாலும் வேறு ஓட்டையில் செருகினால் காம் எண் (சீரியல் போர்ட்டின் எண்) மாறிவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போட்டு காம்1 என்று நிலைநிறுத்தியபின் எடையைக் காட்டும் இண்டிகேட்டரின் எண் அலைபாயவில்லை. மற்றது எக்ஸ்பி-யாகவே நிற்கிறது. அதன் மென்பொருளுக்குப் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் (உரிமச் சாவி) வேண்டும். அதற்காக சர்வரில் எஸ்எம்பி1-ஐத் திறக்கவே கூடாது. 2017-ல் வான்னாக்ரை பரவிய பாதை அது. எக்ஸ்பி டொமைனை விட்டு வெளியே, லோக்கல் கணக்கோடு, இணையம் இல்லாமல், தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதியில்) இருக்கிறது. அந்த விலானில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்ட ஒரே ஒரு விண்டோஸ் 10 தினமும் மாலை எடைக் கோப்பை இழுத்துக்கொள்கிறது. அதில் எஸ்எம்பி1 கிளையன்ட்டை மட்டும் டிக் செய்தால் போதும், சர்வர் பகுதி வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் ‘தானாக நீக்கு’ டிக்கை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள் பயன்படாமல் இருந்தால் விண்டோஸே அதைக் கழற்றிவிடும்.

டொமைனை விட்டு வெளியேறியதில் எக்ஸ்பிக்கு ஒரு லாபமும் உண்டு. டொமைன் கணினி 30 நாளுக்கு ஒருமுறை தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும். பழைய குளோன் டிஸ்கை எடுத்துப் போட்டால் டொமைனோடு உள்ள டிரஸ்ட் (நம்பிக்கைத் தொடர்பு) அறுந்து நிற்கும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மேசை டிராயரில் ஒரு குளோன் டிஸ்க் இருக்கிறது. செம்பனைக் குலை லாரி வரிசையில் நிற்கும்போது டிஸ்க் போனாலும், நாலு திருகு கழற்றி மாட்டினால் எடை போட ஆரம்பித்துவிடலாம்.