வீட்டு வீடியோவை டிவிடியில் ஏற்றிய 15 வருடம்: எங்கெல்லாம் சிக்கியது, எப்படிச் சரிசெய்தேன்

98 சதவீதம் வரை ஒழுங்காகப் போகும். அங்கே நின்றுவிடும். டிரே தானாக வெளியே வரும், டிஸ்கைத் தொட்டால் சூடாக இருக்கும், திரையில் ஒரு பிழைச் செய்தி. வீட்டு வீடியோக்களை டிவிடியில் ஏற்ற ஆரம்பித்த முதல் வருடம் இதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் ரைட்டர் (டிஸ்கில் எழுதும் டிரைவ்) மேல்தான் சந்தேகம் போகும். இத்தனை வருடத்துக்கு அப்புறம் சொல்கிறேன், ரைட்டர் உண்மையில் காரணமாக இருந்தது மிகச் சில தடவைதான். பெரும்பாலும் டிஸ்க் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே தப்பு நடந்து முடிந்திருக்கும்.

இன்னும் ஏன் டிவிடி என்று கேட்பவர்களுக்கு: அம்மாவுக்கு டிவிடி பிளேயரின் ரிமோட் பழகிப்போனது. அப்பா பேசிய பழைய வீடியோக்களை யாரையும் எதிர்பார்க்காமல் அவரே போட்டுப் பார்க்கிறார். எனக்கு அந்தக் காரணம் போதும்.

முதலில் நான் பயன்படுத்தியது, எல்லாவற்றையும் தானே செய்துவிடும் வகை மென்பொருள். வீடியோவைப் போட்டு, மெனுவுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினால் டிஸ்க் வந்துவிடும். நன்றாக ஓடும்வரை சுகம்தான். தடுக்கினால் எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. மூன்று மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் 'டிஸ்கை உருவாக்க முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி வரும். வீடியோவை மாற்றும்போது கோளாறா, மெனுவிலா, டிஸ்கிலா? ஒன்றும் தெரியாது.

அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டேன். வீடியோவைத் தயார்செய்வது தனி. அதை மெனுவோடு டிவிடி வடிவத்தில் அமைப்பது தனி, அதற்கு டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள். அதிலிருந்து நேராக டிஸ்குக்குப் போகாமல் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்கும் ஒரே கோப்பில்) எடுத்து, விஎல்சி பிளேயரில் திறந்து மெனு, காட்சிகள் எல்லாம் சரியா என்று பார்க்கிறேன். அதன் பிறகுதான் இம்க்பர்ன் என்ற எழுதும் மென்பொருளில் ரைட் பண்ணுவது. இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2.5.8, 2013-இல் வந்தது. இன்றுவரை எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. இப்படிப் பிரித்த பிறகு, ஐஎஸ்ஓ விஎல்சியில் சரியாக ஓடி, டிஸ்க் மட்டும் தகராறு செய்தால், தேட வேண்டிய இடம் டிஸ்கும் ரைட்டரும்தான் என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஒன்று கவனியுங்கள்: டிஸ்க் நிறையும் அளவுள்ள ஐஎஸ்ஓவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் வைக்க முடியாது, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது.

எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்கில் காப்பி செய்தால் என்ன என்று நானும் நினைத்தேன். கணினியில் ஓடும். பழைய பிளேயர் தேடுவது 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை, அதற்குள் ஐஎஃப்ஓ, விஓபி என்று முடியும் கோப்புகளை, அவற்றுக்குள் எம்பெக்-2 வடிவப் படத்தை. பிஏஎல் டிவி முறை என்றால் 720×576 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), என்டிஎஸ்சி முறை என்றால் 720×480 அளவில் 29.97. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இதில் ஒன்று மாறினாலும் பிளேயர் டிஸ்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அளவுக் கணக்கில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பது 470 கோடி பைட். கணினி 1024-ஆல் வகுத்துக் காட்டும்போது அதுவே 4.38 ஜிபி. அந்த 470 கோடியை எட்டால் பெருக்கி, வீடியோவின் மொத்த நொடிகளால் வகுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட் தகவல் என்பது) வந்துவிடும். இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட், ஒலிக்கு 0.2 போனால் படத்துக்கு 5. இரண்டு மணி நேரத்துக்கு நான் படத்தை 4.7 மெகாபிட்டுக்கு மேல் வைப்பதில்லை. டிஸ்கின் வெளி ஓரத்தில்தான் பிழைகள் அதிகம் வருகின்றன, 98 சதவீதத்தில் நின்றுபோனதற்கும் அதுவே காரணமாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டதும் அந்தத் தொல்லை குறைந்தது. குறைந்த நேர வீடியோ என்றாலும் பிட்ரேட்டை உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். படத்துக்கு 9.8 மெகாபிட் வரை டிவிடி தரம் அனுமதிக்கிறது, ஆனால் 9-ஐத் தாண்டிய என் டிஸ்க் ஒன்று அம்மாவின் பிளேயரில் திக்கித் திக்கி ஓடியது. அதிலிருந்து 8-தான் என் எல்லை.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஒலி விலகல். அக்கா மகள் கை தட்டி விளையாடும் 25 நிமிட வீடியோ, ஃபோனில் எடுத்தது. ஆரம்பத்தில் கை சேரும்போதே சத்தம் கேட்கிறது. இருபதாவது நிமிடத்தில் கை சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேரப்போகும்போதுதான் முதல் தட்டலின் சத்தம் வருகிறது. ஒலியை அரை நொடி முன்னால் இழுத்துப் பார்த்தேன். கடைசிப் பகுதி சரியானது, ஆரம்பம் கெட்டுவிட்டது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. விலகல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு என்றால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போக வளர்ந்தால் கோளாறு ஃபிரேம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஃபோன்கள் பலவும் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை மாற்றிக்கொண்டே எடுக்கின்றன. டிவிடியோ மாறாத எண்ணிக்கை கேட்கிறது. இப்போது ஃபோன் வீடியோ எதுவானாலும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிடுகிறேன், பிறகுதான் மற்ற வேலை. இந்த ஒரு படி சேர்ந்த பிறகு ஒலி விலகல் ஒரு முறைகூட வரவில்லை.

பழைய மினி டிவி (MiniDV) வீடியோ கேமரா கேசட்டுகளில் வேறு பிரச்சினை. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்குள் எடுத்தால் 13 ஜிபி வரும், அதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராக்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாக எடுக்கின்றன: ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. மினி டிவி கேசட்டில் இரட்டைப்படை வரிகள், அதாவது 'கீழ்ப்பாதி'தான் முதலில் வரும். மாற்றும்போது மென்பொருளில் மேல்பாதி முதலில் என்று கொடுத்துவிட்டால் காலம் முன்னும் பின்னுமாகக் குதிக்கும். கணினித் திரையில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். டிவியில் போட்டதும், அப்பா கை வீசி நடந்து வரும் இடத்தில் அந்தக் கை மட்டும் நடுங்கியது. கேசட் பழசாகிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் வருத்தப்பட்டேன். மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு அமைப்பு. யாராவது குறுக்கே நடக்கும் காட்சியை டிவியில் பார்த்துவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கோடை விடுமுறை' என்ற ஃபோல்டரில் வீடியோவை வைத்திருந்தேன். டிவிடி அமைக்கும் மென்பொருள் ஒன்று தொடங்கிய நொடியிலேயே கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. இரண்டு நாள் வேறு எங்கெங்கோ தேடினேன். ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாத சின்னப் பெயர் வைத்ததும் ஓடியது. மெனுவிலும் அதே கதை: 'தொடக்கம்' என்று அடித்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. இப்போது தலைப்புகளைப் படமாகவே தயாரித்து மெனுவின் பின்னணியாக வைக்கிறேன். எழுத்து சிதையாமல், நான் விரும்பிய எழுத்துருவிலேயே வருகிறது.

சரி, டிஸ்க். காலி டிஸ்க் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ரைட் செய்த டிஸ்கைக் கழற்றி, கீழ்ப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே வரும் வட்டம் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரியும், எழுதப்பட்ட பகுதி அதுதான். பாதியில் நின்றுபோன டிஸ்கில் அந்த நிறம் எந்த இடத்தில் முடிகிறது என்பது அப்படியே தெரியும். ஒரே கட்டிலிருந்து எடுத்த மூன்று டிஸ்குகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்துத்தான் எனக்குக் கட்டின் மேலேயே சந்தேகம் வந்தது. வேறு கட்டு வாங்கினேன், அதே ரைட்டர் முழுசாக எழுதியது. எழுத ஆரம்பிக்கும் முன்பே 'பவர் கேலிபரேஷன்' என்று பிழை வந்தாலும் முதலில் வேறு டிஸ்க் போட்டுப் பாருங்கள். அந்த டிஸ்குக்கு ஏற்ற லேசர் அளவை ரைட்டரால் முடிவுசெய்ய முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

வேகம் பற்றிச் சொன்னால், 16 எக்ஸ் டிஸ்கை நான் 8 எக்ஸில் எழுதுகிறேன். எட்டு நிமிடம் போல ஆகும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று சொல்வார்கள். என் டிஸ்குகளில் அப்படித் தெரியவில்லை.

யூஎஸ்பியில் செருகும் மெலிந்த ரைட்டர் வைத்திருந்தால், ஹப் வழியாகச் செருகாதீர்கள். படிக்கும்போது தெரியாத மின்சாரப் பற்றாக்குறை எழுதும்போது வெளியே வரும். எனக்குப் பாதியில் அறுந்துகொண்டே இருந்தது, கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகியதும் நின்றது.

கணினியில் மட்டும் ஓடி, பிளேயரில் ஓடாத டிஸ்க் என்றால், அதை முறைப்படி மூடினீர்களா ('ஃபைனலைஸ்' செய்து எழுத்தை முடித்தீர்களா) என்று பாருங்கள். பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தும் முறையில் எழுதினால் பிளேயருக்குப் புரியாது. பல தடவை எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் சில பழைய பிளேயர்களுக்கு அதுவும் சிரமம். சோதித்துப் பார்க்க மட்டும் அதை வைத்திருக்கிறேன். பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன்; ஒரு ஓரம் உரிந்தாலும் சுற்றும்போது டிஸ்க் ஆடுகிறது.

எழுதி முடித்ததும் 'வெரிஃபை' (எழுதியது சரியாகப் படிக்கிறதா என்ற சோதனை) கட்டாயம். அதன் பிறகு அம்மாவின் பிளேயரில் போட்டு, ஆரம்பம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் பார்த்த பிறகுதான் ஹார்ட் டிஸ்கில் உள்ள வேலைக் கோப்புகளை அழிக்கிறேன்.

போன வருடம் பழைய டிஸ்குகளை எல்லாம் திரும்ப எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் வெயில் படும் அலமாரியில் இருந்தவற்றில் மூன்று படிக்கவில்லை. தகவலைத் தாங்கும் சாயம் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் ஒன்று அப்பா பேசிய டிஸ்க். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியில் போட்டேன். ஒரு டிரைவ் படிக்க முடியாமல் விட்ட பகுதிகளை அது குறித்து வைத்துக்கொள்கிறது. அதே குறிப்புக் கோப்போடு வேறு டிரைவில் ஓட்டினால் விட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலும். இரண்டு நாள், மூன்று டிரைவ். கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் நாலு நொடி படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் முழுசாகக் கிடைத்துவிட்டது. அதை இரண்டு புது டிஸ்கில் எழுதி, ஐஎஸ்ஓவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். டிஸ்குகள் இப்போது உறை போட்டு, அலமாரியின் இருட்டான உள்தட்டில் நிற்கவைத்திருக்கின்றன.