மார்சியாக் ஜாஸ் விழா: ஏழு கோடைகளுக்குப் பின்

தென்மேற்குப் பிரான்சின் ஜெர்ஸ் மாவட்டத்தில் உள்ள மார்சியாக், ஏறத்தாழ 1,200 பேர் மட்டுமே வசிக்கும் சிற்றூர். 1978 முதல் அங்கு நடந்துவரும் ஜாஸ் விழா, இப்போது ஜூலை பிற்பாதியில் தொடங்கி இரண்டு வாரங்களுக்கும் மேலாக நீள்கிறது. 2014 முதல் ஏழு முறை போய்வந்துவிட்டேன். யார் வாசித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுத விரும்புவது அங்கே உட்கார்ந்து கேட்பவர்களைப் பற்றி.

முதலில் பெரிய கூடாரம். ஊரின் ரக்பி மைதானத்தில் எழுப்பப்படும் அதில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் அமரலாம், அதாவது ஊர் மக்கள்தொகையைப் போல ஐந்து மடங்கு. இரவு ஒன்பது மணிக்குக் கச்சேரி தொடங்கும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும். முதல் ஆண்டில் இதுதான் விழா என்று நம்பி, நான்கு இரவுகளுக்கும் மலிவான பின்வரிசைச் சீட்டுகளை வாங்கினேன். சிக்கனம் என் பிழை. மேடையில் நடப்பதைத் திரையில் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது.

உண்மையான விழா ஊர்ச் சதுக்கத்தில் இருக்கிறது என்பது எனக்கு மூன்றாம் முறைதான் புரிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் என்பதால், நடுவில் சதுக்கமும் அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்களும் இன்றும் அப்படியே உள்ளன. பகல் முழுவதும் அங்கே இலவசக் கச்சேரிகள். ஒரு பிற்பகலில் எனக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருந்த முதியவர், கைத்தடியின் நுனியால் தரையை மிக மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த பயணிகள் நான்கு தட்டுத் தாளத்தின் ஒன்றாம், மூன்றாம் தட்டுகளில் கைதட்ட, அவருடைய தடி மட்டும் ஜாஸில் வழக்கமாக அழுத்தம் பெறும் இரண்டிலும் நான்கிலும் பிசகாமல் விழுந்தது. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, திருத்தவும் முயலவில்லை. இரண்டு பாட்டுகள் முடிவதற்குள் எங்கள் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் தாளத்துக்கு மாறிவிட்டோம்.

நம் சபாக்களில் மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே டிரம்ஸ் தனியாக வாசிக்கப்படும்போது எவரும் நகர்வதில்லை. ஆனால் டபுள் பேஸ் என்ற, தாழ்ந்த ஒலியுடைய பெரிய தந்தி வாத்தியத்தைத் தனியாக வாசிக்கத் தொடங்கினால் பேச்சு எழும். ஒலி தாழ்ந்தவுடன் நமக்கான இடைவேளை வந்துவிட்டது என்று ஜாஸ் ரசிகர்கள் எங்குமே நினைத்துக்கொள்வார்கள் போலும். நானும் அப்படித்தான் ஒருமுறை தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் என் பையின் மீது தன் கையை வைத்தார். வெட்கமாக இருந்தது. அதன் பிறகு, ஒருவர் தம் தனி வாசிப்பை முடிக்கும்போது எழும் கைதட்டலில் அடுத்தவரின் முதல் இரண்டு வரிகள் மூழ்கிப்போவதையும் கவனிக்கத் தொடங்கினேன். அந்த வழக்கத்தில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

உள்ளூர்வாசிகள் இவ்வளவு தேர்ந்த காதுடையவர்களாக இருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஜாஸ் பயிற்சி உண்டு. 2011இல் திறக்கப்பட்ட அஸ்த்ராதா அரங்கில் ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. விழாவைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸுக்கு அவர் உயிரோடிருக்கும்போதே சிலை வைத்த ஊர் இது. அவரும் இந்த ஊரின் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பை எழுதியிருக்கிறார்.

போவோர் கவனத்துக்கு: மார்சியாக்கில் ரயில் நிலையம் கிடையாது, ஓஷ் அல்லது தார்ப் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து சாலை வழியே செல்ல வேண்டும். தங்குமிடம் தேடுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டால் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். பிற்பகல் வெயில் கடுமையானது என்பதால் தொப்பி அவசியம். கூடாரத்துக்கு ஒரே ஓர் இரவு, அதுவும் முன்வரிசைகளில், போதும். மீதி நாட்களைச் சதுக்கத்துக்கு ஒதுக்கி, மதிய உணவு வேளைக்கு முன்பே தாழ்வார நிழலில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிடுங்கள்.