மூக்கு மாஸ்க்கா, முழு மாஸ்க்கா?

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படுகிற நோய்தான் அப்னியா. அதற்கு மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்துகிற கருவி சீபாப் (CPAP). அதை வாங்கப் போகிறவர்கள் மெஷினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஒரே அழுத்தத்தில் ஓடுவதா, தானாகவே கூட்டிக் குறைப்பதா என்று. இரண்டுமே மூச்சுக்குழாயை அடைபடாமல் வைத்திருக்கும். ஆனால் அதை இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்க முடியுமா என்பது மாஸ்க்கின் கையில் இருக்கிறது.

என் பரிசோதனையில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுவதாக வந்தது. 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. வாயைத் திறந்து தூங்குகிற ஆள் என்பதால் மூக்கையும் வாயையும் மூடுகிற முழு மாஸ்க்கைத் தந்தார்கள். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கொழும்பு வெள்ளவத்தைப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே வியர்வையில் வழுக்கி, காற்று கண்ணுக்குள் அடித்தது. பட்டியை இறுக்கினேன், மூக்குத்தண்டு புண்ணானது. இந்த வகை கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளக்கூடும், அதனால் சிலருக்கு அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது நாசித் துவாரத்தில் பொருந்துகிற சின்ன வகை. முகத்தில் பாரமே இல்லை, கண்ணாடி போட்டுப் புத்தகம் வாசிக்கலாம். எனக்கு மெஷினில் வைத்த அழுத்தம் 12 (செ.மீ. நீர் அளவில்). அந்த வேகத்தில் மூக்கின் உள்பக்கம் காய்ந்து எரிந்தது. குறைந்த அழுத்தக்காரர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

நான் நிலைத்தது மூக்கை மட்டும் மூடுகிற நடு வகையில். முதல் வாரம் வாய்வழியே காற்று கசிந்து தொண்டை வறண்டது. உப்புநீரால் மூக்கைக் கழுவி அடைப்பைச் சரியாக்கியதும் வாய் மெல்ல மெல்லத் தானாக மூடிக்கொண்டது. முன்பு என் மூச்சு நிற்கிறதா என்று கேட்டபடி விழித்துக் கிடந்த மனைவி இப்போது எனக்கு முன்னால் தூங்கிவிடுகிறார். இது போதும் எனக்கு.

ஏசி அறையில் படுப்பவர்களுக்கு ஒன்று: எந்த மாஸ்க்கானாலும் குளிரில் குழாய்க்குள் நீர் கோர்த்து களகளவென்று சத்தம் வரும். மெஷினோடு வருகிற, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டியைக் குறையுங்கள், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். மின்விசிறி மட்டும் என்றால் கொழும்புக் காற்றிலேயே ஈரம் தாராளம். குறைந்த அளவே போதும்.

அப்புறம் கரண்ட். 2022இன் மின்வெட்டுகளை யார் மறப்பார்கள்? முழு மாஸ்க்கில் மெஷின் நின்றால் திறந்துகொள்ளும் வால்வு உண்டு. மூக்கு மாஸ்க்கில் வாயால் மூச்சு விடலாம். ஆனால் காற்றழுத்தம் நின்றுவிட்டால் அப்னியா திரும்பி வரும், அதனால் பற்றரி இருப்பது நல்லது. ஈரப்பதமூட்டியின் சூடாக்கிதான் அதிக மின்சாரம் இழுப்பது. அதை நிறுத்தினால் பற்றரி நெடுநேரம் தாங்கும்.

கடையில் உட்கார்ந்தபடி மாஸ்க்கைத் தெரிவு செய்யாதீர்கள். படுத்தால் முகத்தசை தளர்ந்து, பொருந்தியதெல்லாம் கசியும். படுத்துக்கொண்டு, உங்கள் அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, இருபக்கமும் புரண்டு பாருங்கள். இடம் தர மறுக்கிற கடை என்றால், வேறு கடைக்குப் போங்கள்.