முதுகுத் தசையா, வயிற்றுக் கொழுப்பா: தோளுக்கு எது நல்லது?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு சொந்த உடம்பின் சதையிலிருந்தே அதை மறுபடி உருவாக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதுகுத் தசையை அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவது. இன்னொன்று, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் பொருத்துவது. இதை 'டீப்' என்பார்கள். தோற்றத்தையும் தழும்பையும் பற்றித்தான் பேச்சு அதிகம் நடக்கிறது. காட்டு வேலையும் தறி வேலையும் செய்கிற நம் கொங்குப் பெண்கள் முதலில் தோளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

லாட்டிசிமஸ் டார்சி என்ற அந்த முதுகுத் தசை, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி மேல்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. தூக்கிய கையைக் கீழே இழுப்பதும், முன்னால் நீட்டிய கையைப் பின்னால் கொண்டுவருவதும் அதன் வேலை. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதும், சோளத்தட்டு அறுத்து இழுக்கும்போதும், கட்டுத்தரையில் முரண்டு பிடிக்கும் கன்றை இழுத்துக் கட்டும்போதும் அதுதான் உழைக்கிறது. சென்னிமலைக் கைத்தறியில் பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து அடிப்பதும் இதே அசைவுதான்.

அதை எடுத்துவிட்டால் கை முடங்கிவிடுமா? முடங்காது. பக்கத்திலிருக்கும் டெரஸ் மேஜர் போன்ற தசைகள் அதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. தலை சீவுவது, சேலை கட்டுவது, சமைப்பது எல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். முழுசாகத் தேற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். சிலருக்கு இழுக்கும் பலம் கொஞ்சம் குறைவாகவே தங்கிவிடும். நாள் முழுக்க ஒரே வேலை செய்தால் தோள் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. தறிக்காரருக்குத் தெரியும். ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ நடமாடுபவர்கள் உடம்பைத் தூக்குவதே இந்தத் தசையால்தான். அவர்களுக்கு இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

டீப் முறையில் தோள் தசை எதையும் தொடுவதில்லை, வயிற்றுத் தசையையும் வெட்டி எடுப்பதில்லை. இது 1990-களில் பரவிய முறை. ஆனால் ரத்தக் குழாய்களை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து மறுபடி இணைக்க வேண்டும். அதனால் அறுவை நீளும். இணைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் பொருத்திய சதையே வீணாகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. வயிறு ஆறும்வரை பல வாரங்களுக்குக் குடம் தூக்கக்கூடாது. முதுகுத் தசையோ தன் ரத்தக் குழாயோடு அப்படியே வருவதால் பத்திரமானது. இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-லேயே அதைப் பயன்படுத்தினார். வயிற்றில் சதை போதாதவர்களுக்கும், நீண்ட அறுவையைத் தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கும் இன்றும் நல்ல வழி. என்ன, அளவு போதாமல் கூடவே சிலிக்கான் இம்பிளான்ட் வைக்க வேண்டி வரலாம்.

தசையை விட்டுவிட்டு முதுகின் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதில் கிடைக்கும் அளவு குறைவு.

அப்புறம், தோள் இறுகினால் எல்லாப் பழியையும் முதுகுத் தசைமேல் போட முடியாது. அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியதும், கதிர்வீச்சு கொடுத்ததும் தனியாகவே தோளைப் பிடித்துக்கொள்ளும். டீப் செய்துகொண்டவருக்கும் இது வரும். அதனால் எந்த வழியில் போனாலும் பிசியோதெரபியை விடக்கூடாது. முதுகில் நீர் கோத்துக்கொள்வது முதுகுத் தசை அறுவையில் அடிக்கடி நடப்பதுதான், அதைக் கண்டு பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். எவ்வளவு உயரம் கை தூக்கலாம் என்று வாரத்துக்கு வாரம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், கையை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு வயிற்றில் சதையும் உடம்பில் தெம்பும் இருந்தால் டீப்தான். அது ஒத்துவராது என்றால் முதுகுத் தசையைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அறுவைக்கு முன்பே உங்கள் வேலை என்ன, வலதுகைப் பழக்கமா இடதுகைப் பழக்கமா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தசையின் நரம்பை வெட்டுவாரா, விடுவாரா என்றும் கேளுங்கள். விட்டால் கையை அசைக்கும்போது மார்பு துடிப்பதுண்டு.