உலகச் சமூகப் பாதுகாப்புத் தரவுப் பலகை: ஒரு மதிப்பீடு

சர்வதேச தொழிலாளர் அமைப்பு இணையத்தில் இலவசமாக வழங்கும் சமூகப் பாதுகாப்புத் தரவுச் சேவை, முதியோர் ஓய்வூதியம், மகப்பேறு உதவி, வேலையிழப்புக் காப்பு, பணியிட விபத்து இழப்பீடு என ஒவ்வொன்றையும் நாடுவாரியாகப் பிரித்துக் காட்டுவதால், வளரும் நாடுகளின் தொழிலாளர் நிலையை ஆராய்வோருக்குப் பெரிதும் பயன்படுகிறது. 2023 நிலவரப்படி உலக மக்களில் 52.4 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பயனின் பாதுகாப்பிலாவது உள்ளனர். குறைந்த வருமான நாடுகளிலோ அது 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஆயினும், ‘ஏதேனும் ஒரு பயன்’ என்னும் அளவுகோலோடு நின்றுவிடுவது சரியாகாது. குழந்தைக்கான சிறு உதவித்தொகை மட்டும் பெறுபவரும், ஓய்வூதியம், விபத்துக் காப்பு, மகப்பேறு விடுப்பு ஊதியம் என அனைத்தும் உறுதிசெய்யப்பட்ட நிரந்தர ஊழியரும் அதில் ஒரே கணக்கில்தான் வருவர் (மருத்துவக் காப்பு இதில் சேராது, அது தனிக் கணக்கு). எனவே, பிரிவுவாரியான பக்கங்களைத் திறந்து பார்ப்பதே முறை. முறைசாராத் தொழிலாளர் எங்கே விடுபடுகின்றனர் என்பது அங்கேதான் புலப்படும்.

திறன் பயிற்சி குறித்த விவரங்களுக்கு அதே அமைப்பின் ஐ.எல்.ஓ.ஸ்டாட் என்னும் புள்ளிவிவரத் தளத்தை நாட வேண்டியுள்ளது. வேலையிழந்தவருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் ஒருங்கே கிடைத்தால்தான் அவர் கிடைத்த கூலிக்கு ஒப்புக்கொள்ளாமல் தகுதிக்கேற்ற வேலையைத் தேட முடியும் என்பதால், இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியே இச்சேவைக்கு அடுத்த தேவை.