கமலா ஆரஞ்சு ஒட்டுக்கன்று வாங்குகிறீர்களா? தண்டைப் பார்த்துவிட்டு காசு கொடுங்கள்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி பக்கம் எங்கள் காபித் தோட்டத்தில் ஊடுபயிராக வைக்க, நான்கு வருடத்துக்கு முன்பு கீழே ஒரு நர்சரியில் 60 கமலா ஒட்டுக்கன்று வாங்கினேன். கன்று 120 ரூபாய். "அசல் குடகு ரகம்" என்றார்கள். பில் கேட்டேன். "நமக்குள்ள எதுக்குங்க பில்லு" என்று சொல்லிவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் முதல் காய்ப்பு. நல்ல ஆரஞ்சு நிறம், தோல் கையோடு உரிந்து வந்தது, சுளையும் அதே நிறம். ஆசையாக முதல் சுளையைப் பேத்தி வாயில் வைத்தேன். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துப்பிவிட்டாள். நானும் தின்று பார்த்தேன், எலுமிச்சையைக் கடித்த மாதிரி புளிப்பு.

விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். இது ரங்பூர் லைம், ஒட்டுக் கட்ட அடியில் வைக்கிற வேர்ச்செடி, இதன் தண்டில்தான் நல்ல ரகத்தின் கண்ணை (தளிர்க்கும் மொட்டை) ஒட்டுவார்கள் என்றார். கமலாவும் நார்த்தையும் கலந்து பிறந்தது. நிறமும் உரியும் தோலும் கமலாவைக் கொண்டிருப்பதால்தான் தின்று பார்க்கும்வரை நம்பிக் கிடந்தேன். இந்தக் குடும்பமே இப்படித்தான்: சாத்துக்குடிகூட கமலாவும் பம்பளிமாசும் கலந்து வந்ததுதான். இலையையும் கன்றையும் பார்த்து நம்மைப் போன்றவர்கள் ரகம் பிரிப்பது கஷ்டம். பூவில் தெரிந்திருக்க வேண்டும். கமலா மொட்டு வெள்ளை, என் மரங்களில் லேசாக ஊதா ஓடியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

60 கன்றில் 8 பட்டுப்போனது, 11 மட்டும் அசல் கமலா. அந்த 11-லும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு லேசாக வளைந்து, பட்டை மாறுகிற இடம் விரலில் தட்டுப்படுகிறது. மற்ற 41-ல் ஒட்டிய வடுவே இல்லை, வேரிலிருந்து நுனிவரை ஒரே தண்டு. வாங்கும்போது எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. அதை அவிழ்த்ததே நான்தான். உள்ளே கண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

நர்சரிக்குப் போன் செய்தால் "உங்க மண்ணு அப்படிங்க" என்கிறார்கள். மண் ரகத்தை மாற்றாது. பில் இல்லாததால் புகார் கொடுத்து நிரூபிப்பதும் கஷ்டம்.

இந்த மழைக்கு நடப்போகிறவர்கள், வண்டியில் ஏற்றும் முன் நாடாவை விலக்கி, ஒட்டிய கண்ணிலிருந்துதான் தளிர் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கன்றாகப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே கிளைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான் இந்த 41 மரத்தையும் பிடுங்கவில்லை. வேர் நல்ல வேர்தான். தண்டைக் குறைத்துவிட்டு, நோயில்லாத கமலா மரத்துக் கண் எடுத்து அதிலேயே ஒட்டப்போகிறேன்.